வலைப்பூவில் ஆள் நடமாட்டம் இல்லையா? அறிகுறி வாரியாகப் பழுது பார்ப்போம்

"எழுதிக்கிட்டேதான் இருக்கேன், யாரும் எட்டிப் பாக்க மாட்டேங்கிறாங்க." தமிழ்ப் பதிவர்கள் இருவர் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். கேட்பவரிடம் வைத்தியமும் தயாராக இருக்கும்: தினம் ஒரு பதிவு போடுங்க, எல்லா குரூப்பிலும் ஷேர் பண்ணுங்க. பழுது எங்கே என்று பார்க்காமலே எழுதிக் கொடுக்கும் மருந்து இது.

வாசகர் வழியில் ஐந்து இடங்களில் தொலையலாம். கூகுளுக்கு உங்கள் பக்கமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், மக்கள் தேடும் சொல் உங்கள் பதிவில் இல்லாமல் இருக்கலாம். தேடலில் காட்டியும் யாரும் தட்டாமல் போகலாம். தட்டித் திறந்தவர் பயந்து ஓடலாம். படித்து ரசித்தவருக்குத் திரும்பி வர வழி இல்லாமல் போகலாம். ஒவ்வொன்றுக்கும் அறிகுறி வேறு. தினம் ஒரு பதிவு போட்டாலும் இந்த ஐந்தில் ஒன்றுகூடச் சரியாகாது.

பழைய பதிவர்கள் பலர் இன்னும் கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் இருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இன்னொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ் மாறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கை வைக்கும் முன்: அளவுகோல் சரியா?

பிளாகர் டேஷ்போர்டில் 'ஸ்டாட்ஸ்' காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீங்களே பத்து முறை திறந்து பார்த்ததும் அதில் சேரும். அதே பக்கத்தில் உங்கள் சொந்தப் பார்வைகளைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது. அதைத் தட்டி வையுங்கள். அது உலாவி வாரியாக நினைவில் இருப்பது, ஆகவே போனிலும் ஒரு முறை செய்ய வேண்டும்.

ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் பார்வை வந்திருந்தால், அங்கே திடீரென்று தமிழ் வாசகர் பெருகிவிட்டார் என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் அவை பாட் எனப்படும் தானியங்கி நிரல்களின் வேலை. 'எங்கிருந்து வந்தார்கள்' பட்டியலில் கேள்விப்படாத தளத்தின் பெயர் இருந்தால் ஆர்வத்தில் அதைத் தட்டிப் பார்க்காதீர்கள். உங்களைத் தட்ட வைக்கத்தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம்பத்தக்க அளவுகோல் கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதைப் 16 மாதத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும். பிளாகருக்கு வைத்திருக்கும் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் உரிமையை நிரூபிக்கும் வேலையும் பெரும்பாலும் தானே முடிந்துவிடும். இன்று சேர்த்தால் எண்கள் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எதையும் நோண்டாமல் இருங்கள்.

அறிகுறி: பதிவின் தலைப்பை அப்படியே போட்டுத் தேடினாலும் வரவில்லை

கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வலைப்பூ முகவரியை ஒட்டித் தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி' தலைப்பின் கீழ் 'விசிபிள் டு சர்ச் எஞ்சின்ஸ்' இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து 'கிராலர்ஸ் அண்ட் இன்டெக்ஸிங்'. அங்கே 'கஸ்டம் ரோபோட்ஸ் ஹெடர் டேக்ஸ்' என்று ஒன்று உண்டு. யூடியூபில் 'எஸ்இஓ செட்டிங்' (தேடலில் மேலே வர வைக்கும் அமைப்பு) வீடியோ பார்த்துவிட்டு அதற்குள் ஒவ்வொன்றையும் இயக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் 'நோஇன்டெக்ஸ்' என்பது 'என்னைக் காட்டாதே' என்று கூகுளுக்குக் கொடுக்கும் உத்தரவு. அது முகப்புக்கோ பதிவுகளுக்கோ இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். என்ன மாற்றினோம் என்றே நினைவில்லாவிட்டால், அந்தப் பகுதி முழுவதையும் அணைத்துப் பழைய நிலைக்கே விடலாம். பிளாகரின் இயல்பு அமைப்பே பெரும்பாலான வலைப்பூக்களுக்குப் போதும்.

வேர்ட்பிரஸில் இதே பூட்டு 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' பகுதியில் ஒரு சின்னக் கட்டமாக இருக்கும். தளத்தைக் கட்டும்போது டிக் அடித்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறப்பது வழக்கமான கதை.

பூட்டு எதுவும் இல்லை, ஆனாலும் சில பதிவுகள் வரவில்லை என்றால் சர்ச் கன்சோலில் அந்தப் பதிவின் முகவரியைப் போட்டுச் சோதியுங்கள். 'டிஸ்கவர்ட், கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்ட்' என்றால் இருப்பது தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. புது வலைப்பூவுக்கு இது சகஜம், வாரக்கணக்கில் ஆகும். 'கிரால்ட், கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்ட்' என்றால் வந்து படித்துவிட்டு, சேர்க்க வேண்டாம் என்று போயிருக்கிறது. இரண்டு வரி வாழ்த்துப் பதிவுகள், செய்தித்தாளில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டவை, ஒரே படம் மட்டும் உள்ளவை இதில் மாட்டும். இதற்கு எந்தப் பொத்தானும் மருந்தில்லை. பதிவைக் கனமாக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

இங்கேயே ஒரு வீண் பயத்தையும் போக்கிவிடலாம். பதிவுகளை வகை பிரிக்கும் லேபிள்களின் பக்கங்களுக்கு 'பிளாக்ட் பை ரோபோட்ஸ்' என்று எச்சரிக்கை வருவதும், முகவரியின் கடைசியில் 'எம்=1' என்று வால் முளைத்த மொபைல் பக்கங்களை 'மாற்றுப் பக்கம்' என்று தள்ளி வைப்பதும் பிளாகரில் இயல்பு. பதிவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இந்த எச்சரிக்கைகளைத் துரத்தப் போய் நல்ல அமைப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: கூகுளில் இருக்கிறது, ஆனால் என் பெயரைத் தேடினால்தான் வருகிறது

தமிழ் வலைப்பூக்களுக்கு அதிகம் வரும் கோளாறு இதுதான். காரணங்கள் இரண்டு வகை.

முதல் வகை, சொல். 'பாட்டி கை மணம்' என்று தலைப்பு வைத்துக் கேழ்வரகுக் கூழ் பற்றி அருமையாக எழுதியிருப்பீர்கள். படிப்பவருக்கு இனிக்கும். தேடுபவரோ பாட்டியைத் தேடவில்லை. ஒருவர் 'கேழ்வரகு கூழ் செய்வது எப்படி' என்று தேடுவார். இன்னொருவருக்கு அது கேப்பை, நகரத்தில் பலருக்கு ராகி, யாழ்ப்பாணத்தில் குரக்கன். இதற்காகத் தலைப்பில் நாலு பெயரையும் கோத்து மாலையாகப் போட வேண்டியதில்லை, அது அசிங்கம். தலைப்பில் பொதுவழக்கான ஒன்று, முதல் பத்தியில் மற்றவை இயல்பாக வந்தால் போதும்: "எங்கள் பக்கம் கேப்பை என்போம், கடையில் ராகி என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்." வாசிக்க நன்றாகவும் இருக்கும், தேடலிலும் பிடிபடும். எந்தச் சொல்லுக்கு அதிகத் தேடல் என்று தெரிய கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொற்களையும் போட்டு, இந்தியாவுக்குள் தமிழ்நாடு என்று சுருக்கிப் பாருங்கள். இலங்கைக்குத் தனியாகப் பாருங்கள். விடை மாறலாம்.

தங்கிலீஷில் தட்டுபவர்களையும் மறக்கக் கூடாது. 'கூழ் செய்வது எப்படி' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடும் கூட்டம் பெரிது. பதிவுக்குள் தங்கிலீஷ் வரிகளைத் திணித்தால் படிக்கச் சகிக்காது. பதிவின் முகவரியை ஆங்கில எழுத்தில் வைப்பது சுத்தமான வழி. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அடுத்த அறிகுறியில் வருகிறேன்.

இரண்டாம் வகை, எழுத்து. இது கண்ணுக்குத் தெரியாத பழுது. 'ஔவையார்' என்று சரியாக அடித்தால் ஔ ஒரே எழுத்து. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவையார்' என்று அடித்திருப்பார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'கௌரி', 'கெளரி' இரண்டுக்கும் இதே கதை. ஸ்ரீ என்ற எழுத்தையும் இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு வழியில் அமைக்கலாம். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுவதும் உண்டு. சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. சோதனை எளிது. பதிவைத் திறந்து, 'கன்ட்ரோல் எஃப்' அழுத்தி, சரியான ஔ வைத்து ஒரு சொல்லைத் தேடுங்கள். கண் முன்னே இருக்கும் சொல் அகப்படவில்லையென்றால் அங்கேதான் பழுது. பிழையைச் சமாளித்துக் காட்டும் திறமை கூகுளுக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் உங்கள் வலைப்பூவின் சொந்தத் தேடல் பெட்டியிலிருந்து அதை எதிர்பார்க்க முடியாது.

யூனிகோடுக்கு முந்தைய முறைகளான பாமினியிலோ திஸ்கியிலோ அடித்து வைத்திருந்ததை அப்படியே ஒட்டிய பதிவுகள் என்றால், உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். வாசகரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளும் குப்பையாகத்தான் படிக்கும். என்எச்எம் கன்வர்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒரு முறை போட்டு எடுத்தால் யூனிகோடாகிவிடும். மாற்றிய பிறகு ஒரு தரம் படித்துப் பாருங்கள். இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் சேதமாகியிருக்கும்.

இன்னொன்று, இது என் கருத்து. தேடல் வழியாக வாசகர் வேண்டுமென்றால், வேறு யாரும் எழுத முடியாததை எழுதுங்கள். 'பொங்கல் பண்டிகையின் சிறப்புகள்' என்று எழுதினால் தமிழில் உள்ள எல்லாச் செய்தித் தளங்களும் உங்களோடு போட்டி. உங்கள் ஊர்ச் சந்தையில் எந்தக் கிழமை மாடு வரும், பக்கத்து ஊர்க் கோயில் கல்வெட்டில் என்ன இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட மாவட்ட அலுவலகத்தில் பட்டா மாற்ற எந்தத் தாளெல்லாம் கேட்டார்கள் என்று எழுதினால் போட்டிக்கு ஆளே இல்லை. தேடுபவர் குறைவுதான். ஆனால் தேடும் ஒவ்வொருவரும் உங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

அறிகுறி: சர்ச் கன்சோலில் 'இம்ப்ரஷன்' ஆயிரக்கணக்கில், 'கிளிக்' ஒற்றை இலக்கத்தில்

'இம்ப்ரஷன்' என்பது தேடலில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவை, 'கிளிக்' என்பது தட்டிய தடவை. சராசரி இடம் 30, 40 என்று இருந்தால் நீங்கள் மூன்றாம் நான்காம் பக்கத்தில் கிடக்கிறீர்கள். அது மேலே சொன்ன பழுதின் தொடர்ச்சி. முதல் பத்துக்குள் இருந்தும் தட்டவில்லை என்றால், தேடல் பக்கத்தில் நீங்கள் தெரியும் விதத்தில் ஏதோ சரியில்லை.

தலைப்பைப் பாருங்கள். பழைய பிளாகர் டெம்ப்ளேட்டுகள் (வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்கள்) வலைப்பூவின் பெயரை முன்னால் போட்டுப் பதிவின் தலைப்பைப் பின்னால் போடும். 'நெஞ்சில் நிறைந்த நினைவலைகள்: கேழ்வரகு...' என்று அங்கேயே வெட்டுப்பட்டால் யார் தட்டுவார்? டெம்ப்ளேட்டில் 'டைட்டில்' வரியை மாற்றிப் பதிவின் பெயரை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். கை வைக்கும் முன் டெம்ப்ளேட்டை பேக்கப் எடுப்பது கட்டாயம். ஆங்கிலத் தலைப்புக்கு 60 எழுத்து என்று எல்லோரும் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். நம் எழுத்து அகலம் அதிகம், முன்னதாகவே வெட்டுப்படும். முக்கியமான சொல் முதல் நாலைந்து சொற்களுக்குள் வரட்டும்.

அடுத்து, தலைப்பின் கீழே வரும் சுருக்கம். 'செட்டிங்ஸ்' உள்ளே 'மெட்டா டேக்ஸ்' பகுதியில் 'சர்ச் டிஸ்கிரிப்ஷன்' இயக்கினால்தான் பதிவு எழுதும் பக்கத்தில் அதற்கான பெட்டி தெரியும். நிரப்பாவிட்டால் கூகுள் பதிவிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுக்கும். முதல் வரியே "வணக்கம் நட்புகளே! நலமா?" என்றிருந்தால் அதையே காட்டவும் வாய்ப்புண்டு. நிரப்பினாலும் கூகுள் சில நேரம் தன் இஷ்டத்துக்கு வேறு வரியை எடுக்கும். ஆகவே முதல் பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவது நல்லது.

இனி முகவரி. பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், தானாக அமையும் முகவரியில் தமிழ் எழுத்தெல்லாம் உதிர்ந்து, 'பிளாக்-போஸ்ட்' என்ற மொட்டைப் பெயர் விழும். அடுத்த பதிவுக்கு அதோடு ஒரு எண் ஒட்டும். பல வருட வலைப்பூக்களில் நூற்றுக்கணக்கான பதிவுகள் இப்படி ஒரே பெயரில் எண்ணால் மட்டும் பிரிந்து கிடக்கும். வெளியிடும் முன் வலப்பக்கம் 'பெர்மாலிங்க்' திறந்து 'கஸ்டம்' தேர்ந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களை இடைக்கோடு போட்டு எழுதுங்கள்.

வேர்ட்பிரஸில் கோளாறு நேர் எதிர். தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் நீட்டிவிடும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. ஒவ்வொன்றும் முகவரியில் சதவீதக் குறிகளும் எழுத்துகளுமாக ஒன்பது இடம் பிடிக்கும், ஆக 45. பதிவின் பெயருக்கு வேர்ட்பிரஸ் தருவது 200 இடம். 'கேழ்வரகு கூழ் செய்வது எப்படி' என்ற சாதாரணத் தலைப்பே அதைத் தாண்டிவிடும். முகவரியில் 'எப்படி' வெறும் 'எப' என்று நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில போன்களில் மூன்று வரிக்குச் சதவீதக் குறியாக நீளும். மோசடி லிங்க் என்று நினைத்து வீட்டுப் பெரியவர்கள் தொடவே மாட்டார்கள். அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

தேடல் வரிசையில் முகவரியின் பங்கு மிகச் சிறிது. எனவே பழைய பதிவுகளின் முகவரிகளையெல்லாம் உட்கார்ந்து மாற்றாதீர்கள். வெளியான முகவரியை பிளாகரில் மாற்ற வேண்டுமானால் பதிவை டிராஃப்டுக்கு இறக்கி மாற்றி, 'எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' பகுதியில் பழையதிலிருந்து புதியதற்கு வழி போட வேண்டும். அதை விட்டால் வெளியே இருக்கும் பழைய லிங்க் எல்லாம் செத்துவிடும். வேர்ட்பிரஸ் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: திறக்கிறார்கள், நொடியில் ஓடிவிடுகிறார்கள்

உங்கள் வலைப்பூவை உங்கள் கணினியில் பார்க்காதீர்கள். வேறு யாருடைய போனையாவது வாங்கி, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். முதல் பத்தி வர எவ்வளவு நேரம் ஆகிறது?

தாமதத்துக்கு முதல் குற்றவாளி, டெம்ப்ளேட்டில் தங்கிவிட்ட பழைய நிரல்கள். ஒரு காலத்தில் பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தமிழ்மணம், இன்ட்லி போன்ற திரட்டிகளின் வாக்குப்பட்டை இல்லாத தமிழ் வலைப்பூ அபூர்வம். அந்தக் காலம் போய்விட்டது. பட்டையின் நிரல் மட்டும் டெம்ப்ளேட்டில் இருந்துகொண்டு, பதில் தராத சர்வரைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். வருகைக் கணக்கி, கடிகாரம், 'ஆன்லைனில் இருப்போர்' பெட்டி எல்லாம் அதே ஜாதி. வெறும் தாமதத்தோடு போனால் பரவாயில்லை. கைவிடப்பட்ட தளத்தின் டொமைனை வேறொருவர் வாங்கினால், உங்கள் வலைப்பூவில் அவர் நிரல் ஓடும். "உங்க பிளாக்கைத் திறந்தா சூதாட்ட விளம்பரத்துக்குப் போகுதுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 'லேஅவுட்' பகுதியில் தேவையற்ற கேட்ஜெட்டை (பக்கத்தில் சேர்க்கும் துணைப் பெட்டியை) எல்லாம் நீக்குங்கள். டெம்ப்ளேட் நிரலுக்குள் 'ஸ்கிரிப்ட்' என்று தேடி, எது எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். குழப்பமாக இருந்தால் பிளாகரின் சொந்தப் புது டெம்ப்ளேட் ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது.

அடுத்து, எழுத்து அமைப்பு. வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் லதா எழுத்துரு, எழுத்தளவு, நிறம் எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். 'வடிவமின்றி ஒட்டு' முறையில் ஒட்டுங்கள். பத்தியை இருபுறமும் சமமாக இழுக்கும் 'ஜஸ்டிஃபை' போனில் வேண்டவே வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்று சொல் நின்று நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளக் கூடாது.

தானாகப் பாடும் பாட்டு, திரையில் உதிரும் பூ, ரைட் கிளிக் தடை. மூன்றையும் எடுங்கள். ரைட் கிளிக்கைத் தடுத்தால் திருடன் திருடாமல் இருக்கப்போவதில்லை, லிங்கைப் புதுத் தாவலில் திறக்க நினைத்த நல்ல வாசகர்தான் கடுப்பாவார்.

அறிகுறி: முகநூலில் லைக் கொட்டுகிறது, பதிவுக்கு ஒருவரும் வரவில்லை

லைக் போட்டவர் உங்களுக்காகப் போட்டது. தப்பில்லை, அதை வாசிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லிங்க்கை மட்டும் வீசிவிட்டு 'புதிய பதிவு, படித்துக் கருத்துச் சொல்லுங்கள்' என்றால் யாரும் வருவதில்லை. பதிவில் உள்ள ஒரு தகவலை அங்கேயே முழுதாகச் சொல்லிவிட்டு, மீதிக்கு லிங்க் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது படமும் தலைப்பும் முன்னோட்டமாக வரவில்லையென்றால், பதிவில் படமே இல்லை, அல்லது படம் பெரிது, அல்லது டெம்ப்ளேட்டில் அதற்கான 'ஓபன் கிராஃப்' வரிகள் இல்லை. 1200க்கு 630 அளவில் ஒரு படம், கேமராவில் எடுத்தபடி இல்லாமல் எடை குறைத்துப் போடுங்கள். படத்தை மாற்றிய பிறகும் முகநூல் பழையதையே காட்டினால், அது தன் நினைவிலிருந்து எடுக்கிறது என்று பொருள். முகநூலின் 'ஷேரிங் டீபக்கர்' பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச்சேரும். 'அனுப்பிட்டேன், ஒருத்தரும் பார்க்கலை' என்பதன் காரணம் பல நேரம் இதுதான். முன்பின் தெரியாத வாசகருக்கு, 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனல் தோது. சேருபவரின் எண் மற்றவர் கண்ணில் படாது, அதனால் பெண் வாசகர்கள் தயங்காமல் சேர்வார்கள்.

அறிகுறி: ஒரு தடவை வருகிறார்கள், மறுபடி காணோம்

பக்கப்பட்டையில் 'மின்னஞ்சலில் பெற' என்று பெட்டி இருக்கிறதா? நீங்களே உங்கள் இன்னொரு முகவரியைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். புதுப் பதிவுகளை வாசகருக்கு அனுப்பிய கூகுளின் ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சேவையும், அதை நம்பியிருந்த பிளாகரின் 'ஃபாலோ பை ஈமெயில்' கேட்ஜெட்டும் 2021 ஜூலையோடு நின்றுபோயின. இன்னமும் அந்தச் செத்த பெட்டியை வாசலில் வைத்திருக்கும் வலைப்பூக்கள் இருக்கின்றன. ஆசையோடு முகவரி கொடுத்த வாசகருக்கு ஒன்றுமே போகாது. பல வலைப்பூக்களை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடியபோது ஓடை (ஃபீட்) வழியாகப் படித்த கூட்டம் ஒரு தடவை கலைந்தது. இது இரண்டாம் தடவை. 'பின்தொடர்பவர்கள்' கேட்ஜெட்டில் தெரியும் முகங்களும் இன்று அலங்காரம்தான். புதுப் பதிவு வந்தால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சேதி போகாது.

செய்ய வேண்டியது: வேறொரு மின்னஞ்சல் சேவைக்கு மாறுங்கள். சப்ஸ்டாக், ஃபாலோ டாட் இட் என எதுவானாலும், வாசகர் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். திரட்டி போனது, ரீடர் போனது, ஃபீட்பர்னர் போனது. பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் வாசகரையும் கூட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர முடிந்தது.

வலைப்பூவுக்குள்ளேயும் வழி வேண்டும். தொடர் எழுதுபவர்கள் பத்தாம் பகுதியின் கீழே ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் லிங்க் தருவதில்லை. தேடலில் பத்தாவதில் வந்து விழுந்தவர் முழிக்கிறார். தொடருக்கு ஓர் அட்டவணைப் பக்கம் போட்டு, எல்லாப் பகுதியிலிருந்தும் அதற்கு வழி கொடுங்கள். 'அனுபவம்', 'பொது', 'மொக்கை', 'சிந்தனைகள்' என்று எண்பது லேபிள் வைத்தால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ஏழெட்டு போதும். புதுப் பதிவு எழுதும் ஒரு நாளை ஒதுக்கி, பழைய நல்ல பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். அடுத்த பதிவைவிட அது அதிகம் வாசகரைத் தரும்.

அறிகுறி: பின்னூட்டம் வருவதே இல்லை

"கமெண்ட் போட்டேங்க, காணாமப் போச்சு" என்று யாராவது சொல்லியிருந்தால் பழுது வாசகரிடம் இல்லை. பதிவின் அடியிலேயே பதிந்திருக்கும் பிளாகரின் கருத்துப்பெட்டி வேறு தளத்திலிருந்து ஏற்றப்படுவது. மூன்றாம் தரப்புக் குக்கியை (வேறு தளம் உலாவியில் சேமிக்கும் குறிப்பை) தடுக்கும் உலாவிகளில், குறிப்பாக ஐபோனில், அது திணறும். 'கமெண்ட்ஸ்' அமைப்பில் இடத்தை 'எம்பெடட்' என்பதிலிருந்து 'பாப்அப் விண்டோ' அல்லது 'ஃபுல் பேஜ்' என்று மாற்றுங்கள். பார்க்க அழகு குறைவு, ஆனால் வேலை செய்யும். 'நான் இயந்திரம் இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லும் கேப்ச்சாவை எடுத்துவிட்டு, வேண்டுமானால் பழைய பதிவுகளுக்கு மட்டும் மட்டுறுத்தல் (நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும் முறை) வையுங்கள். ஸ்பாம் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். தமிழில் வந்த நல்ல பின்னூட்டங்கள் அங்கே உறங்கிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், பேச்சு வாட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் போய்விட்டது. பின்னூட்ட எண்ணிக்கையை வைத்து வாசகரை அளக்கும் பழக்கத்தை விடலாம்.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று விழுந்தது

சர்ச் கன்சோலில் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆடிக்கூழ் பதிவு புரட்டாசியில் படுப்பது பழுதாகாது. எல்லாப் பக்கமும் ஒரே நாளில் பூஜ்யமானால் அது தொழில்நுட்பக் கோளாறு: டொமைன் புதுப்பிக்காமல் காலாவதியாகியிருக்கலாம், டெம்ப்ளேட் மாற்றியதில் ஏதோ உடைந்திருக்கலாம். பிளாகர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலிருந்து சொந்த டொமைனுக்கு மாறியிருந்தால் சில வாரச் சரிவு எதிர்பார்த்ததுதான். 'எச்டிடிபிஎஸ்' திருப்புதல் இயக்கத்தில் இருக்கட்டும், பழைய முகவரியை அழித்துவிடாதீர்கள்.

வாரக்கணக்கில் மெல்லச் சரிந்தால் கூகுளின் மதிப்பீடு மாறியிருக்கலாம். 2024 மார்ச்சில் வந்த மாற்றத்தோடு, பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை ஸ்பாம் கொள்கையிலேயே சேர்த்தார்கள். இயந்திரத்தை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை அள்ளித் தமிழாக்கிப் போட்டிருந்தால் அவற்றை நீக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அறிகுறி: என் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, என் பெயர் மட்டும் இல்லை

கோபம் நியாயமானது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பிடிக்க முடியாது. இனி எழுதுவதில் உங்கள் வலைப்பூவின் பெயரைக் கடைசியில் தனி வரியாகப் போடாதீர்கள், முதலில் வெட்டுவது அதைத்தான். நடுவில் ஒரு வாக்கியத்துக்குள் இயல்பாக வரட்டும். படங்களில் பெயரை ஓரத்தில் போடாமல் பொருளின் மேலேயே லேசாகப் போடுங்கள்.

வேறொரு வலைத்தளம் பதிவை அப்படியே எடுத்துப் போட்டு, தேடலில் உங்களுக்கு மேலே நின்றால் அதற்கு வழி உண்டு. முதலில் தளத்தாருக்கு ஒரு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் கூகுளின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தில் உங்கள் பதிவின் முகவரி, அவர்கள் பக்கத்தின் முகவரி இரண்டையும் கொடுங்கள். ஏற்கப்பட்டால் அந்தப் பக்கம் தேடலிலிருந்து விலகும். பிளாக்ஸ்பாட்டில் இருந்தால் பதிவே நீக்கப்படலாம். அனுப்பும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் புகார்களின் நகலை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குக் கூகுள் அனுப்புவதுண்டு, அங்கே புகார் கொடுத்தவரின் பெயர் தெரியவரும். புனைபெயரில் எழுதுபவர்கள் அதை யோசித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.